பிரேக் அக்காவும் ஆந்தை அணியும்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளிகளின் கார்களில் பிரேக் இரண்டு இருக்கும். ஒன்று கற்றுக்கொள்கிறவரின் காலடியில். இன்னொன்று பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கிறவரின் காலடியில். முதலாவதை நம்பி எந்தப் பள்ளியும் நடப்பதில்லை. அந்த இரண்டாவது பிரேக்கின் மேல் வருஷக் கணக்காக ஒரு காலை வைத்துக்கொண்டு சம்பாதிக்கிறவர்தான் பிரேக் அக்கா.

தொழில் புத்தி கூடவே வீட்டுக்கும் வந்துவிடும். டிவியில் கார் வேகமாகப் போனால் சோபாவில் உட்கார்ந்திருக்கும் அக்காவின் கால் தரைவிரிப்பை அழுத்தும். கணவரின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தால் கால் வைக்கிற கம்பிக்குக் கேடு. கணவர் பேக்கரியில் அடுப்படி வேலை பார்க்கிறவர், விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிப் பகலில் தூங்குகிறவர், எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர். "அதை மிதிச்சு மிதிச்சு ஒடச்சுடாத. அதுல பிரேக் கிடையாது, வெறும் கம்பி" என்று மட்டும் சொல்வார்.

பட்டப்பெயரை வைத்தவர்கள் சாரணர் குழுப் பிள்ளைகள். அக்காவுக்கு அவர்களுடைய அம்மாக்களின் வயது. ஆனாலும் அக்காதான். அவருடைய சொந்த மகளும் அந்தக் குழுவில் இருக்கிறாள். சனிக்கிழமை மாலைகளில் அவளும் 'அக்கா' என்றுதான் கூப்பிட வேண்டும். "சீருடை போட்டுட்டா நான் உனக்கு அம்மா இல்ல" என்பது அக்காவே போட்ட சட்டம். சலுகை காட்டுகிறார் என்று யாரும் வாயைத் திறந்துவிடக் கூடாதே!

அக்கா இந்த வேலைக்கு ஆசைப்பட்டு வந்தவர் அல்ல. முன்பு குழுவை நடத்திய இயற்பியல் ஆசிரியருக்கு மாற்றல் வந்தது. அடுத்து யார் என்று கேட்டபோது கூடியிருந்த பெற்றோர் எல்லாருக்கும் திடீரென்று தங்கள் செருப்பின் மேல் அக்கறை வந்துவிட்டது. அத்தனை தலையும் குனிந்திருக்க, மகளை இறக்கிவிட வந்த அக்கா மட்டும் நிமிர்ந்து நின்றிருந்தார். "உங்களுக்குக் கயிறு கட்டத் தெரியுமா?" என்று ஆசிரியர் கேட்டார். "நின்னுபோன காரைக் கட்டி இழுக்கத் தெரியும் சார்." "அது போதும்" என்று சாவியைக் கையில் வைத்துவிட்டுப் போனவர்தான், திரும்பிப் பார்க்கவே இல்லை.

சாவி, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் டேபிள் டென்னிஸ் அறைக்கு உரியது. மேசைகளை மடித்துச் சுவரோரம் தள்ளினால் அதுதான் குழுவின் கூடம். அலமாரியில் கரி பிடித்த பாத்திரங்கள், சாக்குப் பைகளில் கூடாரங்கள், பந்து பந்தாகக் கயிறு. மழைக்காலத்தில் அறை முழுக்க ஈரக் கயிறு நாறும். கதவுக்குப் பக்கத்தில் ஒரு கரும்பலகை. அந்த வருஷத்து வெளி நிகழ்ச்சிகள் எல்லாம் மகளின் கொட்டை எழுத்தில் அதில் இருக்கும். கால்வாய்க் கரையைச் சுத்தம் செய்வது, மொட்டை மாடியிலிருந்து நட்சத்திரம் பார்ப்பது, தீயணைப்பு நிலையத்துக்குப் போவது. எல்லாவற்றுக்கும் கீழே, பலகை தேயுமளவு அடிக்கோடு போட்டு, ஏரிக்கரை முகாம்.

தீயணைப்பு நிலையத்தில் நடந்ததைச் சொன்னால் அக்காவைப் பற்றி வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. மேல் மாடியிலிருந்து கம்பத்தைப் பிடித்துச் சறுக்கி இறங்கலாம் என்று அங்கிருந்த அதிகாரியே பிள்ளைகளை அழைத்தார். அக்கா கீழே மெத்தை கேட்டார். இல்லை என்றார்கள். சரி என்று அக்காவே கம்பத்தின் அடியில் கைகளை விரித்துக்கொண்டு நின்றுவிட்டார். நரி அணி, ஆந்தை அணி என்று இரண்டு அணிப் பிள்ளைகளும் ஒருவர் பாக்கியில்லாமல் அவர் மேலேயே வந்து இறங்கினார்கள். அன்றைக்கு இரவு கணவர் வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே, "கம்பத்தை விட நீ பரவாயில்லன்னு சொன்னாங்களா?" என்று கேட்டார்.

ஏரிக்கரை முகாமுக்கு ஒரு நிபந்தனை உண்டு. முகாம்களுக்கெல்லாம் பொறுப்பாளர் ஓய்வுபெற்ற ஒரு தபால்காரர். கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்கும் என்பதால் விசில் சார். அவர் சொல்லிவிட்டார்: "முகாமுக்கு வர்ற அணி எதுவா இருந்தாலும், அதுக்கு முன்னாடி ஒரு நாள் பெரியவங்க துணை இல்லாமத் தனியா நடந்து போய், சமைச்சுச் சாப்பிட்டுட்டுத் திரும்பி வந்திருக்கணும். நான் வந்து சோதனை போட மாட்டேன். பெரியவங்க யாரும் கூடப் போகலன்னு நீங்க வாக்குக் கொடுத்தாப் போதும்." சாரணர்களிடம் வாக்குக்கு மேல் அத்தாட்சி கேட்கிற வழக்கம் இல்லை. அக்காவுக்கு அதுதான் வினையாகப் போயிற்று. சோதனை என்றால் கூட ஏதாவது சமாளிக்கலாம்.

நரி அணி எப்போதோ தேறிவிட்டது. அவர்கள் நடந்து போன அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தார், அதனால் தேறினார்கள். ஆந்தை அணிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அந்த அணிக்குத் தலைவி அக்காவின் மகள். போன மாதம் அவர்கள் கிளம்பிப் போய்ப் பூங்காவைத் தாண்டுவதற்குள், ஒரு மரத்துக்குப் பின்னால் சின்னக் கார் ஒன்று நிற்பதைப் பார்த்தார்கள். கூரை மேல் பயிற்சிப் பள்ளியின் பலகை, முன்னும் பின்னும் சிவப்பில் எல் என்ற எழுத்து. ஒளிந்துகொள்வதற்கு உலகத்தில் அதைவிட மோசமான வண்டி கிடையாது. அணியிலேயே சின்னவன், ஓயாமல் கேள்வி கேட்பதால் கேள்விக்குறி என்று பெயர் வாங்கியவன், ஜன்னலுக்குள் தலையை விட்டு, "மரத்துக்குப் பின்னாடி எப்படி நிறுத்துறதுன்னு பழகுறீங்களா அக்கா?" என்று கேட்டான்.

"சும்மா இந்தப் பக்கம் வந்தேன்டா."

அன்றைக்குப் போனது செல்லாது என்று விசில் சாருக்குப் போன் போட்டுச் சொன்னவரும் அக்காதான். பொய் சொல்ல நாக்கு வளையாது. மகள் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாட்டு மேசையில் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "அப்பா, உப்பைத் தள்ளச் சொல்லுங்க அவங்கள" என்பாள்.

இப்போது முகாமுக்கு முந்தைய ஞாயிறு. இதை விட்டால் வேறு நாள் கிடையாது. நரி அணி கூடாரம் கட்டிக்கொண்டு ஏரிக்கரையில் கும்மாளம் போடும்போது ஆந்தை அணி வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். காலையில் டேபிள் டென்னிஸ் அறையில், பையை முதுகில் மாட்டியபடி மகள் அக்காவின் எதிரில் வந்து நின்றாள்.

"அம்மா, நீ பின்னாடி வந்தா நாங்க முகாமுக்குப் போக முடியாது. வந்துட்டு வரலன்னு சொல்ல மாட்ட. எனக்குத் தெரியும். அதான் பயமா இருக்கு."

சீருடை போட்டிருந்தும் அம்மா என்று கூப்பிட்டுவிட்டாள். சட்டத்தை நினைவுபடுத்த அக்காவுக்கு வாய் வரவில்லை. "நான் இந்த ரூமை விட்டு அசைய மாட்டேன்டி. போய்ட்டு வா" என்றார். சொன்னபோது மனசாரத்தான் சொன்னார்.

ஏற்பாடு இதுதான். நகரத்துக்கு வெளியே பழைய தண்ணீர்த் தொட்டி இருக்கும் குன்று வரைக்கும் நடை. எந்த வழியாகப் போவது என்பது அணியின் இஷ்டம். திரும்புகிற இடத்தில் எல்லாம் கூழாங்கல்லால் அம்புக்குறி வைத்துக்கொண்டே போக வேண்டும். மாலை ஐந்து மணிக்குத் திரும்பிவிட வேண்டும். ஐந்தரை ஆகியும் வரவில்லை என்றால் மட்டும் அந்த அம்புகளைப் பிடித்துக்கொண்டு அக்கா தேடிப் போகலாம்.

பிள்ளைகள் போன பிறகு அக்கா கயிறுகளைப் பிரித்துச் சுற்றினார். சுற்றியதைப் பிரித்தார். பாத்திரம் தேய்த்தார். வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார். ஒரு மேகம், அதுவும் வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. அக்காவின் கவலையைக் குறை சொல்லியும் பயனில்லை. தினமும் பக்கத்து இருக்கையில் யாராவது ஒருவர் எதன் மேலாவது மோதப் போகிற உலகத்தில் வாழ்கிறவர் அவர். தான் காலை எடுத்தால் அடுத்த நிமிஷம் ஏதோ ஒன்று நொறுங்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

பதினொரு மணி வாக்கில் பல் டாக்டர் வந்து சேர்ந்தார். அக்காவிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளும் பெண்மணி. எந்தக் கடைவாய்ப் பல்லையும் கை நடுங்காமல் பிடுங்குவார். ஆனால் சாலையில் ஒரு திருப்பம் வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை பாடம் எடுப்பதில்லை என்று வைத்திருந்த அக்கா, போன வாரம்தான் அவரைக் கூப்பிட்டு, "ஞாயித்துக்கிழமை ரோடு காலியா இருக்கும் டாக்டர், வாங்களேன்" என்று சொல்லியிருந்தார். எதற்காகச் சொன்னோம் என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளாமல் இத்தனை நாளும் பார்த்துக்கொண்டார்.

பள்ளிக்கூட வாசல் தூணடியில் முதல் அம்பு கிடந்தது. கற்கள் நேர்த்தியாக, வலது பக்கம் காட்டிக்கொண்டு.

"வலது பக்கம் போங்க டாக்டர்" என்றார் அக்கா. இது பாடம். பாடம் எடுப்பது தொழில். தொழில் செய்யக் கூடாது என்று யாரும் வாக்கு வாங்கவில்லை.

மருந்துக் கடை மூலையில் அடுத்த அம்பு. அங்கேயும் வலது பக்கம். தபால் பெட்டியின் அடியில் இன்னொன்று. "கொஞ்சம் மெதுவா, அந்தச் சுவர் ஓரமாப் போங்க" என்று அக்கா ஜன்னல் வழியாக எட்டி எட்டிப் பார்த்தார்.

"மேடம், நான் ரோட்டைப் பாக்கணும்னு சொல்வீங்க. நீங்க தரையையே பாத்துட்டு வர்றீங்களே?"

"நீங்க ரோட்டைப் பாருங்க டாக்டர். தரையை நான் பாத்துக்கறேன்."

அம்புகள் கடைத்தெருவைச் சுற்றிக்கொண்டு போயின. பிறகு அக்காவின் வீட்டு வாசலைத் தாண்டின. பிறகு கணவர் வேலை செய்யும் பேக்கரி. அங்கே அக்காவுக்கு முதல் தடவையாக மனதில் ஏதோ உறுத்தியது. குன்றுக்குப் போகிறவர்கள் பேக்கரிப் பக்கம் ஏன் வந்தார்கள்? அதற்கு அடுத்த அம்பு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் கேட்டடியில், அக்கா வழக்கமாகக் கார் நிறுத்துகிற இடத்தைச் சுட்டிக்கொண்டு கிடந்தது. டாக்டர் இந்தத் திருப்பத்தில் கண்ணை மூடவில்லை. ஒரே பக்கமாகவே திரும்பித் திரும்பிப் பழகிவிட்டிருந்தார்.

கடைசி அம்பு கொண்டுபோய் விட்ட இடம் டேபிள் டென்னிஸ் அறையின் வாசல். அம்மா வெளியே கிளம்பட்டும் என்று யாரோ ஒருத்தி பின்பக்கத்தில் பதுங்கியிருந்து, கார் போன கையோடு வேலையை முடித்துவிட்டு ஓடியிருக்கிறாள். படிக்கட்டில் கூழாங்கற்களால் ஒரு வட்டம். வட்டத்தின் நடுவில் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில், காகிதத்தில் சுற்றிய ஒரு பன்.

"இதுக்கு என்ன அர்த்தம் மேடம்?" என்று டாக்டர் கேட்டார்.

"தடம் முடியுற இடத்துல வைக்கிற குறி டாக்டர். 'வீட்டுக்குப் போயாச்சு'ன்னு அர்த்தம்."

"யாரு போயாச்சு?"

"நான்தான்" என்றார் அக்கா.

டாக்டர் சிரித்த சிரிப்பில் அவருடைய பற்கள் எல்லாம் தெரிந்தன. அக்காவுக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. தன் கை வளர்த்த பிள்ளைகள் தன்னையே தெருத் தெருவாகச் சுற்றவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து கட்டிப்போட்டிருக்கிறார்கள்! சிரித்து முடித்ததும் வெட்கம் பிடுங்கித் தின்றது. பிள்ளைகளுக்கு அக்காவின் குணம் தெரிந்திருந்தது, அக்காவுக்குத்தான் தெரியவில்லை. இன்றைக்கும் வாக்கு உடைந்திருக்கும். உடையாமல் காப்பாற்றியது அவர் இல்லை, அவர்கள்.

டாக்டர் போன பிறகுதான் பயம் வந்து உட்கார்ந்தது. இந்தத் தடம் பொய் என்றால் நிஜத் தடம் எங்கே? ஐந்தரைக்கு எதைப் பிடித்துக்கொண்டு தேடிப் போவது? பன் சுற்றிய காகிதத்தில் இருந்த பேக்கரிப் பெயரைப் பார்த்தால் வீட்டுக்காரருக்கு விஷயம் தெரியும் என்பது புரிந்தது. போனை எடுத்தார். எடுத்துவிட்டு அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். கேட்டால் சொல்லிவிடுவார். சொன்னால் கால் நிற்காது. போனைக் கூடாரச் சாக்குக்கு அடியில் போட்டுவிட்டு, பன்னைப் பிய்த்து மெதுவாகத் தின்றார். நன்றாகத்தான் இருந்தது.

ஐந்து மணி ஆயிற்று. பிள்ளைகள் வரவில்லை. ஸ்கூட்டர்தான் வந்தது. தூக்கம் கலையாத முகத்தோடு கணவர் உள்ளே வந்து மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தார். உடனே எழுந்தார். அவர் எழுந்து நடந்தாலே விஷயம் பெரிது.

"இன்னும் காணோமா?"

"காணோம்."

"எந்த வழியாப் போறோம், எங்க சமைக்கிறோம்னு என்கிட்ட எல்லாம் சொல்லிட்டுத்தான் போயிருக்கா. ஒவ்வொரு திருப்பத்துலயும் நிஜ அம்பும் வச்சிருப்பாங்க. அஞ்சரை தாண்டினா மட்டும் உன்கிட்ட சொல்லச் சொன்னா. எனக்கு வாய் தாங்கல. நான் சொல்லிடறேனே. அவங்க கெளம்பினது பின்..."

"சொல்லாதீங்க!"

அந்தச் சத்தம் கேட்டுக் கணவரே பயந்துபோனார். அக்கா நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அஞ்சரைன்னு சொல்லியிருக்கா. இன்னும் நேரம் இருக்கு. அதுக்குள்ள ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா நான் போயிடுவேன். என்னைப் போக விடாதீங்க."

அவர் கார் சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்தார். சுவர்க் கடிகாரம் அவர்களைச் சீண்டுவது போல நடந்தது. கணவன் மனைவி இரண்டு பேரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு வாழ்க்கையில் இப்படி ஒரு வேலை செய்து பழக்கமில்லை. காரே இல்லாத இடத்தில் கால் கட்டை விரல் தரையை அழுத்தி அழுத்திச் சிவந்துபோனது.

ஐந்தரைக்குச் சில நிமிஷம் இருக்கும்போது முதலில் கேட்டது பாட்டு. பாட்டு என்று சொல்வது மரியாதைக்கு. ஆறு பேர் ஆறு சுருதியில் கத்திக்கொண்டு பள்ளிக்கூட மதிலோரமாக வந்தார்கள். உடம்பெல்லாம் புழுதி. கேள்விக்குறியின் மூக்கில் கரி. அக்கா எழுந்து ஓடவில்லை. இருந்த இடத்திலிருந்தே ஒவ்வொரு தலையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அதை யாருக்கும் மறைக்கவும் இல்லை.

"ஏன்டி இவ்வளவு நேரம்?" என்று அப்பாதான் கேட்டார்.

"சாம்பல் ஆறவே இல்லப்பா!" என்றாள் மகள். "தண்ணி ஊத்தி ஊத்திப் பாத்தோம். உள்ளங்கையை வச்சா சூடு தெரியக் கூடாது, தெரிஞ்சா அந்த இடத்தை விட்டு நகரக் கூடாதுன்னு அக்கா சொல்லியிருக்காங்கல்ல? நாங்க நகரல."

"உருளைக்கிழங்கு வேகவே இல்ல, அதுக்குப் போட்ட நெருப்பு மட்டும் ஏன் அக்கா அணைய மாட்டேங்குது?" என்று கேள்விக்குறி கேட்டான். பிறகு வாசற்படியைப் பார்த்தான். கற்கள் இருந்தன, பன் இல்லை. அவன் கண் விரிந்தது. "அக்கா! நீங்க கடைசி வரைக்கும் வந்தீங்களா?"

"வந்தேன்டா. ஒரு அம்பு விடாம வந்தேன். டாக்டரையும் கூட்டிக்கிட்டு."

அறையின் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரித்தார்கள். சிரிக்காதவள் மகள் ஒருத்திதான். அவள் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தது வந்ததுதானே, வாக்கு என்னாவது என்ற கேள்வி அவள் முகத்தில் அப்படியே இருந்தது.

அக்கா சாக்குக்கு அடியிலிருந்து போனை எடுத்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார். சிரிப்புச் சத்தம் சட்டென்று நின்றது.

"சார், ஆந்தை அணி போய்ட்டு வந்துட்டாங்க."

"பெரியவங்க யாரும் கூடப் போகலையே?"

"போகல சார். ஆனா போகணும்னு ஒருத்தங்க கிளம்பினாங்க. பிள்ளைங்க பொய்த் தடம் வச்சு அவங்களை ஊர் சுத்த விட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்க."

"யாரும்மா அந்த ஒருத்தங்க?"

"நான்தான் சார்."

இப்போது போனுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. நடுவில் ஒரு தடவை விசிலே ஊதிவிட்டது என்று பிள்ளைகள் பிற்பாடு சத்தியம் செய்தார்கள். "துணை இல்லாமப் போகணும்னுதான் நான் கேட்டேன். வந்த துணையையும் விரட்டிட்டுப் போயிருக்காங்கன்னா அதுக்கு மேல என்ன வேணும்? வரச் சொல்லுங்க" என்றார் விசில் சார். பிள்ளைகள் குதித்த குதியில் மேசை சாய்ந்தது. அந்தக் கூச்சலுக்கு நடுவே அவர் குரல் திரும்பவும் வந்தது. "ஏம்மா, பெரியவங்க கூடாரத்தை எங்க போடட்டும்? உங்க பிள்ளைங்க பக்கத்துலயே இடம் இருக்கு. அங்கயே போட்டுடவா?"

கூச்சல் அடங்கியது. எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். கணவரும் பார்த்தார்.

அக்கா மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டார். "வேணாம் சார். அவங்க கண்ணுல படாத இடமாப் பாத்துப் போடுங்க. நல்லாத் தள்ளியே இருக்கட்டும்."

சொல்லி முடித்தபோது முழங்கைப் பக்கத்தில் யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். மகள். போனுக்குக் கேட்காத குரலில், மற்ற ஐந்து பேருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னாள்:

"ரொம்பத் தூரமா வேணாம்மா."